பழைய மியாட்டாவுக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரை அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். 1997 வரை வந்த அந்த முதல் தலைமுறைக்கு ஆர்வலர்கள் வைத்திருக்கும் பெயர் ‘என்ஏ’. ஹெட்லைட் மேலே எழும்பி வரும் வண்டி. எடை ஒரு டன்னை ஒட்டி, எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை உடலோடு பிடிக்கும் மேல், கீழ்க் கைகள். இன்றைக்கு இதை வாங்குகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது ஏறக்குறைய முப்பது வயதான கார். எஞ்சின் நன்றாகவே இருக்கும். ஷாக் அப்சார்பர்தான் செத்துப் போயிருக்கும். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால் வண்டி ஒரு தடவை அமர்ந்து நிற்காமல் இரண்டு மூன்று தடவை ஆடும். வளைவுக்கு நடுவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் தட்டென்று விலகும்.

மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவானதும் எதிரே நான்கு வழிகள் நிற்கும். பழையபடியே இருக்கட்டும் என்று கேஒய்பி எக்ஸெல்-ஜி போடலாம். பில்ஸ்டைன் போடலாம். திருகி மாற்றக்கூடிய மஞ்சள் நிற கோனி ஸ்போர்ட் போடலாம். அல்லது ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்து வரும் காயில்ஓவர் செட் ஒன்றை மொத்தமாக மாட்டலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாலையில் ஓட்டும் என்ஏவுக்குத் தொழிற்சாலை ஸ்பிரிங்கோ அதைவிடச் சற்றே கடினமான ஸ்பிரிங்கோ போதும். உயரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு கோனியோ பில்ஸ்டைனோ போடுவதுதான் நல்லது. அதே காசுக்குக் கிடைக்கும் மலிவான காயில்ஓவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அதனால் ஸ்பிரிங்கை முடிவு செய்யாமல் ஷாக்கை முடிவு செய்ய முடியாது. என்ஏவில் தொழிற்சாலை முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 28 நியூட்டன் வேண்டும், அதாவது 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் இன்னும் மென்மை, 17-ஐ ஒட்டி. ஷாக்கின் கீழ்முனை விஷ்போனில் சக்கரத்துக்கு உள்தள்ளி மாட்டப்பட்டிருப்பதால், முன்சக்கரத்தில் உணரப்படும் கடினம் இதில் சுமார் பாதிதான். அந்த மூலை சுமக்கும் எடையை வைத்துப் பார்த்தால், வண்டியின் உடல் நொடிக்கு 1.3 தடவை அளவில் எழுந்து அமரும். நடக்கும்போது நம் உடல் எழுந்து அமரும் வேகத்துக்கு அது பக்கம், அதனால்தான் வண்டி இதமாகப் போகிறது. முன்னால் 9 கிலோ ஸ்பிரிங் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 9 கிலோ கேட்பது) போட்டால் அதே கணக்கு 2.3 தடவைக்குப் போய்விடும். ஸ்பிரிங் மூன்று மடங்குக்கு மேல் கடினமாகிவிட்டது; ஆட்டத்தை அதே அளவில் அடக்க ஷாக்கின் டேம்பிங்கும், அதாவது அடக்கும் வலுவும், 1.8 மடங்கு ஏற வேண்டும். எந்த ஷாக் வாங்கினாலும் அது எந்த ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, பிற கார்களைவிட என்ஏவில் அதிகம் உறுத்தும் விஷயம். சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் இந்த வண்டியில் ரொம்பக் குறைவு. ஷாக் ராடில் கோர்த்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற அந்த நுரைக்கட்டையை மாஸ்டா அவசரத்துக்கு மட்டும் வைக்கவில்லை. வண்டி வளைவில் சாயும்போது அது மெல்ல அமுங்கி ஸ்பிரிங்குக்குத் துணை நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நீளமாக வைத்தார்கள். முப்பது வருடத்தில் அந்த நுரை பொடிந்து மாவாகிவிடும். ஷாக்கைக் கழற்றி ரப்பர் உறையைத் தூக்கினால் பல வண்டிகளில் பழுப்புத் தூள்தான் கொட்டும். கட்டை இல்லாத ஷாக் பள்ளத்தில் உலோகத்தோடு உலோகம் மோதும். கட்டை இருந்தும் வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தியிருந்தால், நேர் சாலையிலேயே அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஓடும். வளைவில் பின்பக்கம் கட்டையில் முட்டும் கணத்தில் அந்த மூலையின் கடினம் சட்டென்று பல மடங்கு ஏறும், டயர் பிடி விடும். ‘மியாட்டா திடீரென்று சுழலும்’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

எனவே எந்த ஷாக் வாங்கினாலும் அதோடு நான்கு புதிய பம்ப் ஸ்டாப்பும் சேர்த்தே வாங்குங்கள். 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை ‘என்பி’யின் மேல் மவுன்ட் (ஷாக்கின் தலையை வண்டியின் உடலோடு பிடிக்கும் தட்டு) என்ஏவிலும் பொருந்தும், அதைப் போட்டால் ஷாக்குக்குக் கூடுதல் பயண இடம் கிடைக்கும். ஆர்வலர்கள் வெகுநாளாகச் செய்துவரும் மாற்றம் இது. செலவு குறைவு, பலன் அதிகம். இதற்குத் தகுந்த வாஷர், புஷ் என்ற ரப்பர் குழாய், கட்டை எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கினால் தலைவலி இல்லை.

காசைச் செலவழிக்கும் முன்

ஷாக்கைக் குறை சொல்லும் முன் டயரைப் பாருங்கள். என்ஏவின் அசல் அளவு 185/60, 14 அங்குல ரிம். கதவோரத்து ஸ்டிக்கரில் மாஸ்டா எழுதியிருக்கும் காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. இன்றைய கார்களுக்குப் பழகிய கடைகளில் 32, 34 என்று ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இவ்வளவு லேசான வண்டியில் அது டயரைக் கல்லாக்கி, சின்னச் சின்னப் பிசிறுகளையெல்லாம் இருக்கைக்கு அனுப்பிவிடும். காற்றைச் சரியாக்கியதிலேயே பாதிப் புகார் தீர்ந்த வண்டிகள் உண்டு. பத்து வருடத்து டயர் என்றால் அதையும் மாற்றிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். 2017-ல் ஜப்பானில் மாஸ்டா என்ஏவுக்கென்று புதுப்பித்தல் திட்டம் தொடங்கியபோது, அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரையும் அதே அளவில் மறுபடி தயாரிக்க வைத்தது. டயருக்கு அந்த நிறுவனமே கொடுத்த மதிப்பு அது.

அடுத்து விஷ்போன் புஷ்கள். ரப்பர் வெடித்து உள்குழாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் எவ்வளவு நல்ல ஷாக்கும் வீண். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அலைன்மென்ட் செய்த சில வாரத்திலேயே மாறினாலோ முதல் சந்தேகம் புஷ் மேல்தான் விழ வேண்டும். பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சாலை வண்டிக்குப் புது ரப்பரே போதும். பாலியில் கிரீஸ் உலர்ந்தால் கீச்சிடும், அதிர்வும் கூடும்.

பழையபடியே இருக்கட்டும் என்றால்

கேஒய்பி எக்ஸெல்-ஜி இரட்டைக் குழாய் ஷாக். அசல் ஷாக்கின் குணத்தை ஒட்டியே செய்தது. நான்கு வழிகளில் இதுதான் மலிவு. வண்டியை வந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுபவர், வார இறுதியில் மெதுவாக ஒரு சுற்று போய்வருபவர் இதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சாய்வு அசல் அளவில் இருக்கும், மேடுபள்ளம் மென்மையாக வரும். வேகமாக ஓட்டினால் முன்பக்கம் சற்று மிதப்பது போலத் தோன்றும், 1990-ல் இருந்த மாதிரியே. அசல் ஸ்பிரிங்கோடு மட்டும் போடுங்கள்.

பில்ஸ்டைன்

பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் புர்சியே தெ கார்பன் வகுத்த ஒற்றைக் குழாய் அமைப்பை 1950-களில் வளர்த்தெடுத்து மெர்சிடிஸ் கார்களுக்குக் கொடுத்த ஜெர்மன் நிறுவனம் இது. ஒரே குழாயில் எண்ணெய். அதன் அடியில் மிதக்கும் பிஸ்டன் ஒன்றுக்குக் கீழே உயர் அழுத்த நைட்ரஜன். எண்ணெய் நுரைக்க இடமில்லை. குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். நீண்ட மலைப்பாதையில் இந்த ஷாக் களைத்துப் போகாது.

இதன் வால்வு குணம்தான் இன்னும் முக்கியம். ராட் மெதுவாக நகரும்போது, அதாவது வண்டி சாயும்போதும் பிரேக்கில் முன்பக்கம் குனியும்போதும், எதிர்ப்பு சட்டென்று உயரும். பள்ளத்தில் ராட் வேகமாகப் போகும்போது அதே விகிதத்தில் மேலே ஏறாமல் தட்டையாகும். அதனால் வண்டி இறுக்கமாகத் திரும்பும், பெரிய பள்ளத்தில் முதுகெலும்பை உலுக்காது. சின்னச் சின்னக் கரடுமுரடு மட்டும் நிறைய உணரப்படும். தேய்ந்த கான்கிரீட் சாலையில் இது சிலருக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் 1994 முதல் வந்த ‘ஆர் பேக்கேஜ்’ மியாட்டாவில் மாஸ்டாவே பில்ஸ்டைன்தான் போட்டது. இந்த வண்டிக்கு அது ஒத்துவரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திருகுவதற்கு ஒன்றும் இல்லை. மாட்டினால் மாட்டியதுதான். அது குறை என்று சொல்லமாட்டேன். கையில் திருகு இருந்தால் ஓயாமல் திருப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்லதுகூட. அசல் உயரத்துக்குச் செய்ததும் தாழ்த்திய வண்டிக்கு உடல் குறுக்கிச் செய்ததும் வேறு வேறு. பில்ஸ்டைன் வரிசையில் முன்னதை பி6 என்றும் பின்னதை பி8 என்றும் சொல்வார்கள். மாற்றி வாங்கிவிடக் கூடாது.

கோனி ஸ்போர்ட்

டச்சுக்காரர்களின் மஞ்சள் ஷாக். இரட்டைக் குழாய்தான், ஆனால் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது ஷாக் காட்டும் எதிர்ப்பை, ராடின் உச்சியில் இருக்கும் திருகால் மாற்றலாம். கம்ப்ரஷன், அதாவது அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு, மாறாது. மலிவான காயில்ஓவர்களில் ஒரே திருகு இரண்டையும் சேர்த்து மாற்றுவதால் ரீபவுண்டைக் கூட்டப் போனால் பள்ளத்தில் அடியும் கூடிவிடும். கோனியில் அந்தச் சிக்கல் இல்லை. என்ஏவுக்கான கோனியில் ஸ்பிரிங் தட்டை உட்காரவைக்க ஷாக் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிப்பள்ளங்கள் உண்டு, உயரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். சாலையில் ஓட்டுபவர், மேலே இருக்கும் வரிப்பள்ளத்தையே பயன்படுத்துவது நல்லது.

திருகைத் தொட கார் அடியில் படுக்கத் தேவையில்லை. முன்னால் பானட்டைத் திறந்தால் ஷாக் தலை தெரியும். பின்னால் டிக்கிக்குள் கம்பளத்தை ஒதுக்கினால் போதும். வலது மூலையில் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் அங்கே மட்டும் கை நுழைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் நான்கையும் இடப்பக்கமாக முழுதும் தளர்த்தி விடுங்கள். மொத்த வீச்சே இரண்டு, இரண்டரை சுற்றுதான். எப்போதும் தளர்ந்த முனையிலிருந்து எண்ணுங்கள். நடுவிலிருந்து எண்ணினால் நான்கு மூலையும் நான்கு விதமாகிவிடும்.

பிறகு ஒரே சாலை, ஒரே வேகம். தொடர்ச்சியாக மேடுபள்ளம் உள்ள ஒரு நேர்த் துண்டும், நடுவில் சிறு அலை உள்ள ஒரு நீண்ட வளைவும் இருந்தால் போதும். முழுத் தளர்விலிருந்து கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் வண்டி எழுந்து ஒரே தடவையில் அமர்ந்துவிடும் நிலை வரும், மிதப்பு நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் வண்டி ‘ஸ்போர்ட்டி’யாகத் தோன்றும், ஆனால் தொடர் பள்ளத்தில் கவனித்தால் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போவது தெரியும். முதல் பள்ளத்தில் ஏறிய சக்கரம் திரும்ப விரிவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. இடம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் முட்டுகிறது. பயண இடம் குறைவான இந்த வண்டியில் ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்குவது மற்ற வண்டிகளைவிடக் கெடுதல். அசல் ஸ்பிரிங்கோடு இருப்பவர்கள் பெரும்பாலும் தளர்ந்த முனைக்குப் பக்கத்திலேயே திருப்தியடைவார்கள். வீச்சின் நடுப்பகுதி கடினமான ஸ்பிரிங்குக்கானது.

முன், பின் வித்தியாசத்தையும் இப்படியே தேடலாம். வளைவில் நுழையும்போது முன்பக்கம் சோம்பினால் முன் ரீபவுண்டைக் கால் சுற்று குறைத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் பதறினால் பின் ரீபவுண்டைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு நான்கையும் சற்றுத் தளர்த்துவது நல்ல பழக்கம்.

எவ்வளவு பயணம் உண்மையில் செலவாகிறது என்று அறிய எளிய வழி: ஷாக் ராடில் பிளாஸ்டிக் ஜிப் டை ஒன்றை, தள்ளினால் நகரும், தானாக நழுவாது என்ற அளவுக்கு இறுக்கிக் கட்டி, உடலோடு ஒட்டித் தள்ளிவிட்டு ஓட்டிவாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் அது மேலே எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அது பம்ப் ஸ்டாப்பை அழுத்தி நிற்கிறது என்றால் உயரமோ ஸ்பிரிங்கோ சரியில்லை, திருகால் அதைச் சரிசெய்ய முடியாது.

இடையில் ஒரு குறுக்கு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது. பார்க்க அழகு, என்ஏவில் இதைவிடக் கெட்ட செலவு இல்லை. இருக்கும் கொஞ்ச இடமும் போய், அடக்க முடியாத ஸ்பிரிங்கை ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கிடம் ஒப்படைப்பது அது.

காயில்ஓவர்

காயில்ஓவரின் உண்மையான பலம் உயரத்தை நான்கு மூலையிலும் தனித்தனியாக அமைக்கலாம், ஸ்பிரிங்கை வேண்டியபடி தேர்ந்தெடுக்கலாம் என்பது. டிராக்கில் ஓட்டுபவருக்கு இவை இரண்டும் தேவை. ஸ்வீடனின் ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக் போன்ற செட்டில், ஸ்பிரிங்கும் வால்வும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்யப்பட்டிருக்கும். கூரான பள்ளத்தில் எண்ணெயை வேகமாகக் கடத்திவிடும் தனி வால்வும் உண்டு. கடினமான ஸ்பிரிங் இருந்தும் சாலையில் தாங்கக்கூடியதாக இருப்பது அதனால்தான். விலையும் அதற்கேற்றபடி, கோனி செட்டைவிடப் பல மடங்கு.

இடைப்பட்ட விலையில் தைவானின் பிசி ரேசிங் பிஆர் போன்றவை. 30 படி திருகு, உயரம் மாற்றும் வசதி, பளபளப்பான உடல். காகிதத்தில் எல்லாம் இருக்கும். திருகைத் திருப்பினால் கம்ப்ரஷனும் ரீபவுண்டும் சேர்ந்தே ஏறும். இந்த விலைப்பிரிவின் பல செட்டுகளில் முன்னால் 7, 8 கிலோ ஸ்பிரிங் வரும், தொழிற்சாலை அளவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ. சமமான டிராக்கில் அது நன்றாகவே ஓடும். ஒட்டுப்போட்ட ஊர்ச்சாலையில் டயர் தரையோடு ஒட்டாமல் துள்ளும். கூரையில்லாத உடல் என்பதால் நடுங்கும். கண்ணாடிச் சட்டத்திலும் டேஷ்போர்டிலும் கடகடவென்று சத்தம் வரும். மாஸ்டா 1994-ல் 1.8 லிட்டர் எஞ்சினோடு உடலுக்கு அடியில் கூடுதல் முட்டுக்கள் சேர்த்தது. அதற்கு முந்தைய 1.6 வண்டிகளில் இந்த நடுக்கம் இன்னும் தெரியும்.

காயில்ஓவர் வாங்கியவர்களில் பலர் உடனே செய்வது வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் அசல் என்ஏ 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். 13 வரை இறக்கினால் சரியான ஷாக்கோடு சமாளிக்கலாம். 12.5-க்குக் கீழே போனால் விஷ்போன் கோணம் கெட்டு, வளைவில் வண்டி சாய்வது குறைவதற்குப் பதில் கூடும். பயண இடமும் மிச்சமிருக்காது. டயர் அளவு மாறினாலும் இந்த அளவு மாறாது என்பதால், தரையிலிருந்து அளப்பதைவிட இப்படி அளப்பதுதான் நம்பகம்.

ஆக, வருடத்தில் பல தடவை டிராக்குக்குப் போகிறவர், நல்ல செட்டுக்கே செலவழிக்கத் தயாராக இருப்பவர், காயில்ஓவர் எடுக்கலாம். மற்றபடி கோனியா பில்ஸ்டைனா என்பது குணத்தைப் பொறுத்தது. ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துவிட விரும்பினால் பில்ஸ்டைன். ஊர்ச்சாலை, நெடுஞ்சாலை, எப்போதாவது ஒரு டிராக் நாள் என்று கலந்து ஓட்டினால் கோனி; பின்னாளில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்கினாலும் அதே ஷாக் ஈடுகொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கோனிதான்.

மாட்டும்போது

குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் நாட்டு வண்டி என்றால் போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஷாக்கின் கீழ் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு இறுகியிருக்கும், சுத்தியலால் அடித்தே ஆகவேண்டும் என்றால் நட்டை முனையில் திருகி வைத்துக்கொண்டு அடியுங்கள், மரை கெடாது. அலைன்மென்ட் போல்ட்டுகள் இறுகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கடைக்குப் போன பிறகு அவை திரும்பாது என்று தெரிந்தால் வேலை இரண்டாகும்.

விஷ்போன் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். உயரமும் பொய்யாகத் தெரியும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் அலைன்மென்ட். என்ஏவில் முன்னால் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) காஸ்டரையும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது), பின்னால் கேம்பரையும் டோவையும் மாற்றலாம். சாலைக்கு முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் 1.5, காஸ்டர் 5-ஐ ஒட்டி, முன் டோ பூஜ்யம், பின்னால் மிகச் சிறிய உள்டோ. டிராக் பக்கம் சாய்பவர் முன் கேம்பரை இன்னும் அரை டிகிரி கூட்டலாம். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமாக ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். ஒரு டன் வண்டியில் எழுபது, எண்பது கிலோ என்பது அளவீட்டை மாற்றக்கூடிய எடை.